10 மி.மீ. லீவர் பெல்ட்: சென்னை வெக்கையில் எப்படி உழைக்கிறது?

ஸ்குவாட் (தோளில் பளுவோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்குவது) இரண்டுக்கும் இடுப்பில் கட்ட ஒரே பெல்ட் போதும் என்பவர்களுக்கு இந்த 10 மி.மீ. தடிமன், 10 செ.மீ. அகலத் தோல் பெல்ட் சரியான தேர்வு. பவர்லிஃப்டிங் போட்டி விதி 13 மி.மீ. தடிமன் வரை அனுமதிக்கிறது, ஆனால் குட்டையான உடம்புக்காரர்களுக்கு அது விலாவில் குத்தும்.

அளவு விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பேன்ட் சைஸைச் சொல்லி வாங்கவே கூடாது. தொப்புள் மட்டத்தில், வயிற்றை எக்காமல் டேப் வைத்து அளக்க வேண்டும். மாட்டிய பிறகு ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். வயிறு நிறைய மூச்சிழுத்து நாலா பக்கமும் பெல்ட்டைத் தள்ளினால்தான் முதுகுக்குப் பிடிமானம். சும்மா இறுக்கிக் கட்டுவதால் பயனில்லை.

லீவர் பூட்டு (நெம்பி மூடும் உலோகப் பூட்டு) ஒரே தட்டில் விழுகிறது, அருமை. ஆனால் துளை மாற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து வயிறு உப்பியிருந்தால் திண்டாட்டம்தான். டெட்லிஃப்டில் குனியும்போது இடுப்பெலும்பில் இடித்தால் பெல்ட்டை ஓர் அங்குலம் மேலே ஏற்றுங்கள். திருகுகள் நாளடைவில் தளரும். வாரம் ஒருமுறை முடுக்குங்கள், இல்லையென்றால் பளுவோடு கீழே இருக்கும்போது கழன்றுவிடும்.

நம்மூரில் பெரிய எதிரி ஈரம். வியர்வையோடு ஜிம் பையில் போட்டு மூடினால் ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளைப் பூஞ்சை நிச்சயம். உலர்ந்த துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் தொங்க விடுங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம், தோல் வெடிக்கும்.