ஐம்பது பேருக்கு ஒரு பரல்: வெல்டிங் கடையில் செய்விக்கும் நிமிர்ந்த ஸ்மோக்கர் எப்படி?

கிழக்கிலங்கையின் காத்தான்குடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வெல்டிங் கடையில் "பார்பிகியூ அடுப்பு" என்று கேட்டால், பெரும்பாலும் காட்டுவது 200 லீட்டர் பரலை நெடுக்காகப் பிளந்து, நாலு கால் வைத்து, மேலே கம்பி போட்ட படுக்கைப் பரலைத்தான். கோழி சுட அது நல்ல அடுப்பு. பிரிஸ்கட் என்கிற மாட்டு நெஞ்சிறைச்சியை ஆறேழு மணி நேரம் புகையில் வைத்து எடுக்க அது சரிவராது. தணலுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான். அடி கரிந்து முடிகிற நேரத்தில் உள்ளே சவ்வு கரையவே தொடங்கியிருக்காது. அதே பரலை வெட்டாமல் நிமிர்த்தி வைத்து, புகையில் வேகவைக்கும் ஸ்மோக்கராகச் செய்விக்கலாம். கலியாண வீடு, ஹஜ்ஜுப் பெருநாள், பள்ளிக்கூடப் பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று ஐம்பது பேருக்குச் சமைப்பவர்களுக்கு நாங்கள் சிபாரிசு செய்வது அதைத்தான்.

முதலில் பரலைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய், சீனிப்பாகு போன்ற உணவுப் பொருள் வந்த இரும்புப் பரலாக இருக்க வேண்டும். தார்ப் பரல் மலிவு, ஆனால் எத்தனை தடவை எரித்தாலும் மடிப்புகளில் தார் நிற்கும். கிருமிநாசினி, களைநாசினி வந்த பரலைத் தொடவே வேண்டாம். உணவுப் பரலாக இருந்தாலும் உள்ளே பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சிருந்தால் விறகு போட்டு வெறும் இரும்பு தெரியும்வரை எரித்து, சுரண்டி, பிறகு உள்ளே தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு மணி நேரம் சூடேற்ற வேண்டும். கம்பித் தட்டு நாகமுலாம் பூசியதாக இருக்கக் கூடாது. சூட்டில் நாகப் புகை வரும். வெறும் இரும்பு, இல்லாவிட்டால் துருப்பிடிக்காத உருக்கு என்று கடையில் முதலே சொல்லிவிடுங்கள்.

இந்த அடுப்பின் உயிர் காற்றுவழிதான். அடியிலிருந்து 5 சென்ரிமீற்றர் உயரத்தில், சுற்றிவரச் சம இடைவெளியில் முக்கால் அங்குலக் குழாய் மூன்று. மூன்றுக்கும் திருகி மூடும் வால்வு. மூடியில் இரண்டு அங்குலப் புகைக்குழாய் ஒன்று. தணல் கூடை 35 சென்ரிமீற்றர் அகலம், 25 உயரம். அடித்தகட்டில் முட்டாமல் கால் வைத்து நிற்க வேண்டும், அப்போதுதான் சாம்பல் கீழே விழும், காற்றும் போகும். மேல் கம்பித் தட்டு கூடையின் அடியிலிருந்து 60 சென்ரிமீற்றர். அதற்கு 15 சென்ரிமீற்றர் கீழே இரண்டாவது தட்டு. கடைகளில் வழக்கமாகப் பிழைப்பது மூடிதான். விளிம்பு நெளிந்த மூடி போட்டால் பக்கத்தால் காற்று ஏறி, வால்வை எவ்வளவு மூடினாலும் சூடு குறையாது. வாங்க முன்னர் உள்ளே புகை போட்டு, மூடி, எங்கிருந்து கசிகிறது என்று பாருங்கள். புகைக்குழாயால் மட்டும் வந்தால் காசைக் கொடுக்கலாம்.

மூடியில் பூட்டித் தரும் வெப்பமானியை நம்ப வேண்டாம். இறைச்சி இருக்கும் தட்டுக்கும் மூடிக்கும் 15, 20 பாகை வித்தியாசம் வரும். கம்பி போட்ட டிஜிட்டல் மானி ஒன்று அவசியம், ஒரு முனை தட்டிலும் ஒரு முனை இறைச்சியிலுமாக. கொதிக்கும் தண்ணீரில் வைத்து 100 பாகை செல்சியஸ் காட்டுகிறதா என்று முதலில் பரிசோதியுங்கள்.

நெருப்புக்குச் சிரட்டைக் கரி. நம் பகுதியில் தாராளம், வெறிச் சூடு, புகை குறைவு. ஒரு குறை உண்டு: சிறு துண்டுகளும் தூளும் கூடையை அடைத்துக் காற்றைத் தடுக்கும். அரித்துவிட்டுப் பெரிய துண்டுகளை மட்டும் போடுங்கள். கூடை நிறைய எரியாத கரி போட்டு, நடுவில் ஒரு குழி விட்டு, அதில் தணலான கரி ஒரு சிறு வாளி கொட்டினால் நெருப்பு உள்ளிருந்து வெளியே மெதுவாகப் பரவும். ஜிம் மினியன் என்ற அமெரிக்கரின் பெயரால் அழைக்கப்படும் முறை இது. ஆறு கிலோ கரி எட்டு மணி நேரமளவு நின்று கொடுக்கும்.

புகைக்கு விறகு வேண்டும். பிரிஸ்கட்டுக்குப் பேர்போன டெக்சாசில் போஸ்ட் ஓக் மரம். நமக்குக் கொய்யா, மா, புளி. மூன்றும் நன்கு காய்ந்தவை, கைப்பிடி அளவுத் துண்டுகள், நாலைந்து போதும். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள்; ஊறிய கட்டை முதலில் ஆவியைத்தான் விடும், பிறகு வெள்ளைப் புகை. வேம்பு கசக்கும். அலரி நஞ்சு. வாவிக்கரையில் கிடக்கும் தில்லைக் கட்டையை ஒருபோதும் எரிக்க வேண்டாம், அதன் பாலைப் போலவே புகையும் கண்ணைக் கெடுக்கும். புகைக்குழாயால் வருவது மெல்லிய நீலமாக இருக்க வேண்டும். தடித்த வெள்ளையாக வந்தால் இறைச்சியை வைக்காமல் பொறுத்திருங்கள், இல்லாவிட்டால் நாக்கில் தார் ஒட்டும்.

இனி இறைச்சி. அடுப்பைக் குறை சொல்பவர்கள் அனேகர் உண்மையில் இறைச்சியிடம்தான் தோற்றிருப்பார்கள். அமெரிக்கக் குறிப்புகள் எழுதப்பட்டது தானியம் தின்று கொழுத்த மாட்டுக்கு. அங்கே ஒரு முழு பிரிஸ்கட் ஐந்தரை முதல் ஏழு கிலோ வரும், உள்ளே நார் நாராகக் கொழுப்பு ஓடும். எங்கள் வயல்வெளியில் புல் தின்று வளர்ந்த நாட்டு மாட்டின் நெஞ்சுப் பகுதி பெரும்பாலும் அதில் பாதிகூட வராது, தடிப்பும் இல்லை, கொழுப்பு மஞ்சளாக மேலே மட்டும் படிந்திருக்கும். வயது போன மாடென்றால் சவ்வு இன்னும் இறுக்கம், கரைய நேரம் கூட எடுக்கும். அந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் செருப்புத் தோல்தான் மிஞ்சும்.

இறைச்சிக் கடையில் வழக்கமாக எலும்போடு துண்டு போட்டுவிடுவார்கள். முதல் நாளே சொல்லி வையுங்கள்: "காக்கா, நெஞ்சுப் பக்கம் எலும்பு கழற்றி முழுசாத் தாங்க, துண்டு போட வேணாம். கொழுப்பையும் எடுக்க வேணாம்." போயா (பௌர்ணமி) நாளில் இறைச்சிக் கடை பூட்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். நெஞ்சு கிடைக்காவிட்டால் முன்சப்பை இன்னும் பத்திரமான தெரிவு. சவ்வு நிறைய, காய்ந்து போவது குறைவு.

அன்று அறுத்த இறைச்சியை அன்றே புகையில் வைக்காதீர்கள். அறுத்து ஒரு சில மணி நேரத்தில் தசை விறைத்துவிடும். அந்த நிலையில் சமைத்தால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் கடினமாகவே இருக்கும். பெருநாள் குர்பான் இறைச்சிக்கு இது மிக முக்கியம். அறுத்த கையோடு ஃப்ரீசரில் போடுவதும் கெடுதல். உறைந்து உருகும்போது தசை இன்னும் மோசமாகச் சுருங்கும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 4 பாகைக்குக் குறைவாக இரண்டு நாள் வைத்து எடுங்கள்.

மேல் கொழுப்பை அரை சென்ரிமீற்றர் விட்டு மிச்சத்தைச் செதுக்கி, செதுக்கியதை உருக்கி வையுங்கள், பிறகு வேண்டும். கிலோவுக்கு 12 கிராம் உப்பு முதல் நாள் இரவே. காலையில் கரகரப்பாக இடித்த மிளகு 8 கிராம். மஞ்சள், மல்லி, இஞ்சி பூண்டு விழுது எல்லாம் புகையோடு சேர்ந்து கருகிக் கசக்கும். அவற்றைக் கறிக்கு வையுங்கள்.

பரலை 125 முதல் 135 பாகைக்குள் நிறுத்துங்கள். தட்டு 100 பாகையைத் தொட்டதும் ஒரு வால்வை முழுதாக மூடி, மற்ற இரண்டையும் பாதியாக்குங்கள். சூடு ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு, ஆகவே ஏறும்போதே பிடிக்க வேண்டும். மேல் புகைக்குழாயை மூடிச் சூட்டைக் குறைக்க நினைப்பது பிழை. உள்ளே தேங்கும் புகை இறைச்சியில் படிந்து கசக்கும். மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பதும் பிழை, திறந்த மறுகணம் காற்றுப் பட்டு நெருப்பு எழும்பும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது இரட்டிப்புத் தொல்லை. வால்வுகளுக்குள் காற்று நேரே அடித்து 160க்கு ஏற்றிவிடும். மேற்குப் பக்கம் இரண்டு தகரத்தை நிறுத்தி மறைப்புக் கட்டுங்கள். வாடை மழைக்குக் கூரை வேண்டும், ஆனால் கிடுகுக் கொட்டிலுக்குள் வைக்காதீர்கள்.

இறைச்சியின் உள்ளே 65 பாகை தாண்டியதும் மானி அசையாமல் நிற்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விப்பதுதான் காரணம். கொழுத்த மாட்டில் இதைப் பொறுத்துக் கடக்கலாம். நம் மாட்டில் பொறுக்கக் கூடாது, அந்த ஈரம்தான் நம்மிடம் இருக்கும் மூலதனம். 68 பாகையில், மேலே கறுத்த மொறுவல் பிடித்ததும், எடுத்து உருக்கிய கொழுப்பு மூன்று மேசைக்கரண்டி ஊற்றிச் சுற்றிவிடுங்கள். நெருப்பில் வாட்டிய வாழையிலை இரண்டு, அதன் மேல் அலுமினியத் தாள். வெறும் தாளில் சுற்றினால் மொறுவல் ஊறிப்போகும். இலை கொஞ்சம் காப்பாற்றும். 93 பாகைக்குப் பிறகு மானியின் கம்பி இறைச்சியில் எல்லா இடத்திலும் தடையில்லாமல் இறங்க வேண்டும். மானி காட்டும் எண்ணைவிடக் கையில் படும் அந்த உணர்வுதான் தீர்ப்பு. ஓரிடத்தில் இறங்கி இன்னோரிடத்தில் முட்டினால் இன்னும் அரை மணி.

பிறகு ஓய்வு. மீன் கொண்டுபோகும் ரெஜிபோம் பெட்டி புதிதாக ஒன்று, உள்ளே பழைய துவாய், அதில் சுற்றியபடியே இரண்டு மணி நேரம். உள் சூடு 60 பாகைக்குக் கீழே போக விடாதீர்கள்; எங்கள் வெயிலில் அதற்குக் கீழே நின்ற இறைச்சி கூட்டத்துக்கே வயிற்றைக் கெடுக்கும்.

அந்த இரண்டு மணி நேரம்தான் இந்தப் பரலின் பெரிய அனுகூலம். பிரிஸ்கட் வெளியே வந்ததும் வால்வுகளைத் திறந்து, கரி குறைந்திருந்தால் போட்டு, 160 பாகைக்கு ஏற்றி, இரண்டு தட்டிலும் கோழியை அடுக்குங்கள். குறைந்த சூட்டில் கோழித் தோல் இறப்பர்போல் இழுபடும், 160இல் மொறுக்கும். நாலாக வெட்டிய கோழி ஆறு கொள்ளும், ஒன்றேகால் மணி நேரம், தொடையில் 74 பாகைக்குக் குறையக் கூடாது. மதியம் ஒரு மணிச் சாப்பாட்டுக்கு அதிகாலை மூன்றரைக்கு நெருப்பு, நாலரைக்கு மாடு, பதினொன்றுக்கு வெளியே, பதினொன்றேகாலுக்குக் கோழி. எட்டுக் கிலோ பச்சை மாட்டிறைச்சி நாலு கிலோவாக வற்றும். அதோடு ஆறு கோழி, பரிமாறும்போது ஒவ்வொன்றும் எட்டுத் துண்டு. மஞ்சள் சோறும் சம்பலும் இருக்கிற பந்தியில் ஐம்பது பேருக்கு அது தாராளம். நூறு பேரென்றால் ஒரே பரலில் திணிக்காமல் இரண்டு பரல் வையுங்கள். நெருக்கி அடுக்கினால் புகை போகாது, நேரமும் இழுபடும்.

மாடு சாப்பிடாதவர்கள் வருகிற வீட்டில் கோழியை வேறு பரலில்தான் வேகவைக்க வேண்டும், சொட்டும் கொழுப்பு தட்டிலும் சுவரிலும் படிந்திருக்கும். வாடகைக்கு எடுப்பவர்கள் அதில் பன்றி சமைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கழுவினாலும் உள்ளே பிடித்த கொழுப்புப் படலம் போகாது.

வெட்டும்போது நார் ஓடும் பக்கத்துக்குக் குறுக்கே, அரை சென்ரிமீற்றர் தடிப்பில். மேல்துண்டின் நார் ஒரு பக்கமும் கீழ்த்துண்டின் நார் வேறு பக்கமும் ஓடும், இரண்டையும் பிரித்துவிட்டு வெட்டுங்கள். பந்தி உட்கார்ந்த பிறகே கத்தி எடுங்கள், வெட்டி வைத்தது சில நிமிடத்தில் காய்ந்துவிடும். மிஞ்சிய ஓரத் துண்டுகள் கொத்து ரொட்டிக்கு மிகவும் பொருத்தம்.

ஆயுள் விஷயத்தில்தான் இந்த அடுப்புக்குப் புள்ளி குறைக்க வேண்டியிருக்கிறது. பரல் தகடு மெல்லிது, கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் அடித்தகடுதான் முதலில் போகும். ஒவ்வொரு முறையும் சாம்பலை மறுநாளே கொட்டுங்கள்; ஈரம் இழுத்த சாம்பல் இரும்பைத் தின்னும். அடித்தகட்டின் மேல் தனியாக ஒரு சாம்பல் தட்டு வைத்துத் தரும்படி கடையில் கேளுங்கள், கூடக் கொடுக்கும் காசு அதற்குத் தகும்.