2147483647-ஆ, 4294967297-ஆ? இந்த இரண்டு எண்களில் எது உயர்ந்தது?

இரண்டும் பத்து இலக்க எண்கள். முதலாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதை இரட்டித்து 3 கூட்டினால் இரண்டாவது வந்துவிடும். இவ்வளவு நெருங்கிய உறவு, ஆனால் குணம் நேர் எதிர்.

2147483647 என்பது 2-இன் 31-ஆம் அடுக்கில் 1 குறைவு. இது பகா எண் என்று 1772-இல் கணித மேதை ஆய்லர் காட்டினார். 46,340 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க அவருக்குத் தேவைப்படவில்லை. வகு எண் இருந்தால் அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும் என்பதால் பெரும்பாலானவை முதலிலேயே கழிந்துவிடும். கணினியில் 32 பிட்டில், அதாவது 0, 1 என்ற 32 இலக்கங்களில், கூட்டல்-கழித்தல் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் இதுதான். 2038 ஜனவரி 19 அன்று, விநாடிகளை எண்ணிக்கொண்டே போகும் பழைய கணினிக் கடிகாரங்கள் தடுமாறப்போவது அந்த எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டும்போதுதான்.

4294967297 என்பது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1. அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே வந்தால், 3, 5, 17, 257, 65537 என்று இதே வரிசையில் முன்னால் வந்த ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படித்தான் என்று ஆய்லருக்கு முந்தைய கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் அதே ஆய்லர் உடைத்தார்: 641 × 6700417.

இதில் 641 செய்யும் வேலை அழகு. 641 = 5×128 + 1; 641 = 625 + 16. இந்த இரண்டு வரியை வைத்தே, பெரிய எண்ணைத் தொடாமல், அது 641-ஆல் வகுபடும் என்று நிறுவிவிடலாம். தாளில் நாலு வரிகூட ஆகாது.

பயன் என்று பார்த்தால் முதலாவது. எனக்கு என்னவோ, உடைந்த எண்ணின் மீதுதான் பிரியம்.