வைஸ் சிட்டியா, சான் ஆண்ட்ரியாஸா?

ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வீடியோ கேம் வரிசையில் வந்த இந்த இரண்டில் எது பெரிசு என்று யாரைக் கேட்டாலும் சான் ஆண்ட்ரியாஸ் என்பார்கள். அளவில் உண்மைதான். 2002-ல் வந்த வைஸ் சிட்டியில் இரண்டு பெரிய தீவுகள், நடுவே சில குட்டித் தீவுகள், அவ்வளவே. 2004-ல் வந்த சான் ஆண்ட்ரியாஸில் மூன்று நகரங்கள், இடையில் காடு, மலை, பாலைவனம். இருந்தும் என் ஓட்டு வைஸ் சிட்டிக்குத்தான்.

காரணம், அந்த ஊர் எனக்கு அத்துப்படி. மலிபு கிளப், பிரிண்ட் ஒர்க்ஸ், டாக்ஸி கம்பெனி என்று கதாநாயகன் டாமி ஒவ்வொன்றாக வாங்குவான். அந்தந்த இடத்தில் தரப்படும் வேலைகளை, அதாவது மிஷன்களை முடித்தால் வருமானம் வரத் தொடங்கும். ஆனால் பணம் தானாகக் கைக்கு வராது. வாசலில் சுழலும் டாலர் குறியை நாமே போய் எடுக்க வேண்டும். மலிபுவில் 10,000 டாலர் சேர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். அதனால் வசூலுக்காகவே ஊரைச் சுற்றுவோம். விளையாட்டுக்குள் வரும் எமோஷன் 98.3 ரேடியோவைப் போட்டுக்கொண்டு பிசிஜே பைக்கில் கடற்கரைச் சாலையில் போனால் மேப்பே தேவைப்படாது. சான் ஆண்ட்ரியாஸிலும் வசூல் உண்டு. அதற்காக ஊர் விட்டு ஊர் அலைய எனக்கு மனசு வந்ததில்லை.

ஆள் என்று பார்த்தால் கதை வேறு. டாமி முதலிலிருந்து கடைசி வரை ஒரே டாமி. சான் ஆண்ட்ரியாஸின் நாயகன் சிஜே அப்படியில்லை. கண்டபடி தின்றால் தொப்பை போடுவான், ஜிம்முக்குப் போனால் தோள் விரியும், பட்டினி போட்டால் இளைப்பான். கைத்துப்பாக்கியில் பழகப் பழக இரண்டு கையிலும் ஒவ்வொன்று பிடித்துச் சுடுவான். அவனை நாமே வளர்த்த மாதிரி ஒரு பாசம் வந்துவிடும். இதில் சான் ஆண்ட்ரியாஸுக்கு முழு மார்க்.

கஷ்டமான மிஷன் இரண்டிலும் உண்டு. வைஸ் சிட்டியில் பொம்மை ஹெலிகாப்டரால் கட்டடத்தில் நாலு குண்டு வைக்க வேண்டும். முதல் குண்டைத் தூக்கிய பிறகுதான் நேரம் ஓடும். ஆகவே முதலில் உள்ளே இருப்பவர்களை நிதானமாகத் தீர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சான் ஆண்ட்ரியாஸின் ரயில் மிஷனில் ரயிலை ஒட்டியே பைக்கை ஓட்டாதீர்கள். கொஞ்சம் தள்ளி ஓட்டினால்தான் பின்னால் உட்கார்ந்து சுடும் கூட்டாளி பிக் ஸ்மோக்கின் குண்டு ரயில் மேலே நிற்பவர்கள் மீது படும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் வைஸ் சிட்டியை முடித்துவிடுங்கள். சிஜே நன்றாக நீந்துவான். அவனோடு பழகிவிட்டு வந்தால், தண்ணீரில் விழுந்ததுமே டாமி செத்துப்போவதைத் தாங்க முடியாது.