சாவித்திரியா, சரோஜாதேவியா: மலைநாட்டுக் குளிருக்கு எது சரிவரும்?

'பழைய பட நடிகை மாதிரி' என்று மட்டும் டெய்லரிடம் சொல்லிவிட்டு வரக்கூடாது. நடிகையர் திலகம் சாவித்திரியின் சட்டைக் கை முழங்கையைத் தொடும். கன்னடத்துப் பைங்கிளி சரோஜாதேவியின் அறுபதுகளின் கோலத்தில் அது தோளுக்குக் கீழே நாலைந்து அங்குலத்தில் இறுக்கமாக நின்றுவிடும். கொழும்பில் எதைத் தைத்தாலும் சமாளிக்கலாம். 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில், தை மாத விடியற்காலைக் கல்யாணத்துக்கு அப்படி முடியாது.

சட்டையில் சாவித்திரிக்கே என் ஓட்டு. ஆனால் அதிகம் பிழை வருவதும் அந்தக் கையில்தான். நீளம் 10 முதல் 11 அங்குலம். வாய்ச் சுற்றளவைக் கையை நீட்டிவைத்து அளந்தால் தொலைந்தது; மடக்கும்போது முழங்கை பருக்கும், பந்தியில் பரிமாறக் குனிந்ததுமே தையல் விடும். மடக்கிவைத்து அளந்து அரை அங்குலம் கூட்டச் சொல்லுங்கள். உள்ளே ஓர் அங்குலத் துணி மடித்திருந்தால் பிறகு பிரித்துவிடலாம். சாரியோடு வரும் 80 சென்ரிமீற்றர் துண்டு பருத்த உடம்புக்குப் பற்றாது. 1 மீற்றர் தனியாக எடுங்கள். தோளில் புஃப் வேண்டவே வேண்டாம். சுவெட்டரைக் கழற்றும்போது வதங்கிய கத்தரிக்காய் மாதிரி இருக்கும். சுவெட்டருக்குள் ஒழுங்காக அடங்குவது சரோஜாதேவிக் கை. கழற்றியதும் கையில் புல்லரிப்பது படத்தில் விழும், அவ்வளவுதான்.

சாரிக்கு வந்தால் கதை மாறுகிறது. பட்டில் தூறல் பட்ட இடம் வட்டவட்டமாகக் கறை கட்டும். ஈரத்தோடு மடித்துவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், சரிகையும் கறுக்கும். சரோஜாதேவி பாணியில் உடம்போடு ஒட்டிக் கட்ட பொலியெஸ்டர் ஜோர்ஜெட் போதும். அது தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, உதறினால் சீக்கிரம் காயும். வழுக்கும் என்பதுதான் குறை. சாட்டின் பாவாடையை விட்டுப் பருத்திப் பாவாடை கட்டினால் கொசுவம் இறங்காது. தோளில் ஊசி குத்தும் இடத்தில் உட்புறம் சின்னத் துணித்துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் துணி கிழியும்.

தலைமுடிக்கு யோசிக்கவே தேவையில்லை. சரோஜாதேவி பாணியில் உச்சியில் தூக்கிய கொண்டைக்காகச் சீப்பால் பின்னோக்கி வாரி எழுப்பிய முடி, மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சி ஒரு மணித்தியாலத்தில் படுத்துவிடும். சாவித்திரியின் பின்னங்கழுத்துக் கொண்டைக்கு அந்தப் பயம் இல்லை. முடி குறைவென்றால் உள்ளே சவுரி வைத்து, மேலும் கீழும் இரண்டிரண்டு ஊசி. உயரம் இருந்தே ஆகவேண்டும் என்பவர்கள் வாரி எழுப்பாமல், சவுரியையே உச்சியில் வைத்து முடியால் மூடலாம்.

கண்ணுக்கு மட்டும் சரோஜாதேவி: கடைக்கண்ணைத் தாண்டி கால் அங்குலம் நீளும் மை. தண்ணீரில் கரையாத லைனராக இருக்கட்டும். டப்பா மையென்றால் மணவறைப் புகையில் கண் கலங்கியதும் கன்னத்துக்கு வந்துவிடும்.