இரவு ஒன்பதரைக்கு நியூயார்க்கின் மதியம்

கிரைண்டர் கல்லைக் கழுவும்போது எனக்குக் காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டு ஒத்துவராது, தலையாட்டி மாவைச் சிந்திவிடுவேன். அரசியல் விவாதம் போட்டால் குழவியை ஓங்கி வைத்துவிடுவேனோ என்று பயம். அப்படித் தேடியபோது கிடைத்ததுதான் நியூயார்க்கின் டபிள்யூஎன்ஒய்சி வானொலியில் வரும் 'ஆல் ஆஃப் இட்'. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே மதியம் 12 முதல் 2 வரை நேரலை. சென்னையில் அப்போது இரவு ஒன்பதரை, பாத்திரம் தேய்க்கிற நேரம். 2018 செப்டம்பரில் ஆரம்பித்த நிகழ்ச்சி, நடத்துபவர் தொண்ணூறுகளில் எம்டிவி செய்திகளில் இருந்த அலிசன் ஸ்டீவர்ட்.

என்ன பேசுகிறார்கள் என்றால், ஊரில் நடப்பதைப் பேசுகிறார்கள். புது மியூசியக் கண்காட்சி, பிராட்வே நாடகம், நாவல், ஒரு சமையல்காரர், வார இறுதியில் எங்கே போகலாம், சின்ன வீட்டில் சாமான்களை எப்படி அடுக்குவது. ஓவியரை விசாரித்த அதே அக்கறையோடு அடுத்த அரை மணியில் சமையலறை அலமாரியையும் விசாரிக்கிறார்கள். எனக்குப் பிடித்ததே இந்தக் கலவைதான். நம் பக்கம் கலை நிகழ்ச்சி என்றாலே வீணை இசையோடு ஒரு கனத்த குரல் வந்து 'ஆன்றோர் சான்றோர்' என்று ஆரம்பிக்க வேண்டும் என்று ஏதோ சட்டம் இருக்கிற மாதிரி இருக்கிறது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது நேயர் அழைப்புக்காக. அவர்களுடைய தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 9692. பழைய போன் பொத்தான்களில் அந்த எண்களின் மேல் இருக்கும் எழுத்துகளைச் சேர்த்தால் நிலையத்தின் பெயரே வந்துவிடும். அழைப்பவரைப் பெயரோடு பேட்டையையும் சேர்த்துத்தான் உள்ளே விடுவார்கள்: ஆஸ்டோரியாவிலிருந்து இன்னார், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியிலிருந்து இன்னார். (ஃப்ளஷிங் என்று யாராவது சொன்னால் மட்டும் என் மனசு நேராக அங்கே இருக்கும் பிள்ளையார் கோயில் கேன்டீன் தோசைக்குப் போய்விடும், அப்புறம் இரண்டு நிமிடம் எதுவும் காதில் விழாது.)

நம் எஃப்எம்மிலும் இதெல்லாம் உண்டே என்பீர்கள். உண்டு. 'வணக்கம், யார் பேசுறீங்க, எங்கிருந்து, சாப்டாச்சா, என்ன குழம்பு, இந்தப் பாட்டை யாருக்கு டெடிகேட் பண்றீங்க?' நானும் அதில் வளர்ந்த ஆள்தான், ஒருதடவை லைன் கிடைத்து வத்தக்குழம்பு என்று சொல்லிவிட்டு நாள் முழுக்கக் குதித்திருக்கிறேன். ஆனால் வத்தக்குழம்பு என்றதும் 'சூப்பர்' என்று பாட்டுக்குப் போய்விட்டார்கள். எந்த வத்தல், யார் போட்டது, மொட்டை மாடி இருக்கிறதா, அப்பார்ட்மென்டில் எங்கே காயவைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வியை 'ஆல் ஆஃப் இட்'டில் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மாவும் இருக்கிறார்கள், அந்த இடைவெளியில்தான் அழைத்தவர் நிஜமாகப் பேசத் தொடங்குகிறார், இன்னொருவர் குறுஞ்செய்தியில் அதற்கு ஒட்டியோ வெட்டியோ ஏதாவது அனுப்புகிறார், கடைசியில் நான் பார்த்தேயிராத ஒரு ஊரின் மாடிப்படிகளெல்லாம் எனக்குப் பழகிப்போகின்றன.

இந்த நிலையத்துக்கே ஊர்க் கதை பேசுகிற பழக்கம் ரத்தத்தில் உண்டு. 1924 ஜூலை 8-ல் நகர நிர்வாகமே தொடங்கிய வானொலி இது. 1945-ல் பத்திரிகை விநியோகிப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சித்திரக்கதை கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று மேயர் லா கார்டியாவே மைக் முன்னால் உட்கார்ந்து ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினார். தொண்ணூறுகளில் நகரம் அதை விற்றது, இப்போது பொதுநல அறக்கட்டளையிடம் இருக்கிறது. அதே 1924 ஜூலை 31-ல்தான் நம் மெட்ராஸிலும் ரேடியோ கிளப்பின் ஒலிபரப்பு தொடங்கியது. அது பணமில்லாமல் படுத்துவிட, 1930-லிருந்து மாநகராட்சி எடுத்து நடத்தியது, மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி மாலையில் பாட்டுப் போட்டார்கள். 1938 ஜூனில் அகில இந்திய வானொலி வந்ததும் அதை மூடிவிட்டார்கள். கார்ப்பரேஷன் ரேடியோ என்று ஒன்று இன்னும் இருந்து, அதில் யாராவது மதியம் இரண்டு மணி நேரம் தண்டையார்பேட்டையையும் மைலாப்பூரையும் ஒரே மூச்சில் பேசினால் எப்படி இருக்கும் என்று கல்லைக் கழுவிக்கொண்டே நினைத்துக்கொள்வேன்.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். படம் வெளியாகிற வாரத்து நட்சத்திரப் பேட்டி எந்த ஊரிலும் ஒரே சரக்குதான், அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். நியூயார்க் பொது நூலகத்தோடு சேர்ந்து மாதம் ஒரு நாவல் படிக்கிற 'கெட் லிட்' என்ற புத்தகக் குழு அருமையான ஏற்பாடு, ஆனால் நூலகம் இலவசமாகத் தரும் மின்னூல் அந்த மாநிலத்து அட்டை இருப்பவர்களுக்குத்தான், நாம் காசு கொடுத்து வாங்க வேண்டும், வாங்கி முடிக்கும்போது மாதமும் முடிந்திருக்கும். அப்புறம் நிலையத்தை நடத்த நேயர்களிடம் பணம் கேட்கிற நன்கொடை வாரம். பேச்சு சூடு பிடிக்கும்போது உண்டியல் குலுக்குவார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்ட செய்தியைப் படித்த பிறகு குலுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இங்கிலீஷ் வேகமாக இருக்குமோ என்று தயங்குபவர்கள் நேரலையை விட்டுவிட்டுப் பாட்காஸ்டில் தொடங்கலாம். ஒவ்வொரு பேச்சையும் தனித்தனியாக நறுக்கிப் போடுகிறார்கள், செலவில்லை, பேட்டியைவிட நேயர் அழைப்பு இருப்பதாகப் பார்த்து எடுங்கள். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் மார்ச் வரை நமக்கு நிகழ்ச்சி பத்தரைக்குப் போய்விடும். அதற்குள் எங்கள் வீட்டு மாவு ஃபிரிட்ஜுக்குள் போயிருக்கும், ஆகவே அந்த நாலு மாதமும் முந்தின நாள் நியூயார்க்தான் எனக்கு.