நிக்கேக்க மினுங்கிற ஒயில் லைட்: சுவிட்ச் மாத்திறதோ, தடிச்ச ஒயிலோ, கேஜ் பூட்டிறதோ?

ஓடேக்க ஒரு பிரச்சினையும் இல்லை, முறிகண்டிக் கோயிலடியில தேங்காய் உடைக்க எஞ்சினை நூக்காமல் நிப்பாட்டினா மட்டும் ஒயில் பிரஷர் குறைவெண்டு காட்டுற சிவப்பு லைட் மினுங்குது எண்டு பழைய கார் வச்சிருக்கிற கனபேர் கேக்கினம். என்ர டொயோட்டா கரோலா 110க்கும் இதேதான் வந்தது. ஆக்கள் சொல்லுறது மூண்டு வழி: லைட்டைப் போடுற ஒயில் பிரஷர் சுவிட்சை மாத்து, தடிச்ச ஒயில் விடு, இல்லாட்டி எஞ்சினை இறக்கி ஓவர்ஹோல் பண்ணு. நான் செய்தது நாலாவது, சுவிட்சைக் கழட்டிப்போட்டு அந்த ஓட்டையில ஒயில் பிரஷரை முள்ளால காட்டுற மெக்கானிக்கல் கேஜ் பூட்டிப் பாத்தனான்.

அதுக்கு முதல் டிப்ஸ்டிக், ஒயில் அளவு பாக்கிற கம்பி. அளவைப் பாருங்கோ, மணந்தும் பாருங்கோ. யுத்தத்தில பெற்றோல் தடை இருந்த காலத்தில எங்கட ஆக்கள் மண்ணெண்ணெயில கார் ஓடேக்க எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கால இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், இப்பவும் பெற்றோல் கலந்தா அதே வேலைதான்.

சுவிட்ச் மலிவு, கெதியா மாத்தலாம். ஆனா அதுக்குத் தெரிஞ்சது லைட்டைப் போடுறதும் நூக்கிறதும்தான். புதுசு பூட்டி லைட் நூந்தா பிரஷர் நல்லா இருக்கோ இல்லை எல்லைக்குச் சற்று மேல நிக்குதோ எண்டு தெரியாது.

தடிச்ச ஒயிலை நான் குறை சொல்லேல்ல, வன்னி வெக்கைக்குப் பழைய எஞ்சினுக்கு 20W-50 பொருந்தும், விறைக்கிற குளிர் இஞ்ச இல்லைத்தானே. ஆனா அது காரணத்தைக் காட்டாமல் பிரஷரை மட்டும் ஏத்திவிடும், சம்புக்குள்ள (எஞ்சினுக்குக் கீழ ஒயில் நிக்கிற தட்டு) பம்ப் ஒயில் இழுக்கிற வலை, ஸ்ட்ரெய்னர், கசடால அடைபட்டிருந்தா தடிச்ச ஒயிலை இழுக்க பம்ப் இன்னும் கஷ்டப்படும்.

இனி கேஜ். இதில எல்லாமே சூட்டில எடுக்கிற ரீடிங்லதான் இருக்கு. காலமை ஸ்டார்ட் பண்ணின உடன பாத்தா எந்தத் தேஞ்ச எஞ்சினும் நல்ல பிரஷர்தான் காட்டும், ஒயில் தடிப்பா இருக்கும். தண்ணி சூடாகி ஃபேன் சுத்தினாலும் காணாது, ஒயில் சூடாகப் பிந்தும். கிளிநொச்சியில இருந்து மாங்குளம் மட்டும் போய் வந்து, எஞ்சினை நூக்காமல் ஐட்லிங்ல (அக்சிலரேட்டர் மிதிக்காமல்) ஒருக்கா, 3000 ஆர்பிஎம்ல (நிமிசத்துக்கு 3000 சுத்து) ஒருக்கா பாக்கவேணும். டொயோட்டா இந்தப் பெற்றோல் எஞ்சினுகளுக்குக் குடுத்திருக்கிறது ஐட்லிங்ல ஆகக்குறைஞ்சது 4.3 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு), 3000ல 36 தொடக்கம் 71. ஐட்லிங் அளவு இவ்வளவு சின்னன் எண்டு கனபேருக்குத் தெரியாது, தெரியாமல் பயந்து எஞ்சினை இறக்கிறவையும் இருக்கினம்.

ஐட்லிங்ல குறைவு, 3000ல நல்லது எண்டால் பேரிங் தேஞ்சு இடைவெளி கூடியிருக்கும், இல்லாட்டி ஒயில் மெல்லிசு. ரெண்டிலயும் குறைவெண்டால் பம்ப், கூடின பிரஷரைத் திறந்துவிடுற ரிலீஃப் வால்வு, ஸ்ட்ரெய்னர் எண்டு தேடவேணும், பேரிங் மோசமாத் தேஞ்சாலும் இப்பிடி வரும். ரேஸ் பண்ணப் பண்ண பிரஷர் விழுந்தா ஸ்ட்ரெய்னர் அடைப்பைத்தான் நான் முதல் சந்தேகிப்பன், அதுக்குச் சம்பைக் கழட்டினாக் காணும், எஞ்சின் இறக்கத் தேவையில்லை.

என்ர கார் சூட்டில 8ம் 45ம் காட்டினது. எஞ்சினை இறக்கச் சொன்ன வேலை அதோட நிண்டுது, ஒறிஜினல் சுவிட்ச் ஒண்டு பூட்டினேன், லைட் வரேல்ல. ஓவர்ஹோல் காசு எவ்வளவு எண்டு இஞ்ச கராஜ் ஏறினவைக்குத் தெரியும், அந்தக் காசுக்கு முன்னால கேஜ் வாங்கிறது ஒண்டுமேயில்லை. கேஜ் பூச்சியத்தில நிண்டாலோ எஞ்சின் அடிக்கிற சத்தம் கேட்டாலோ அந்த இடத்திலயே நூத்துப்போட்டுக் கட்டியிழுங்கோ.

டீசலுக்கு நான் பூட்டிப் பாக்கேல்ல, அந்தந்த எஞ்சின்ர மனுவல் கணக்கை எடுங்கோ. மரையிலயும் கவனம்: டொயோட்டா சுவிட்சுக்கு எட்டில் ஒரு இஞ்சி பிரிட்டிஷ் பைப் மரை, சில கேஜோட வாறது அமெரிக்க மரை, முதல் ஒண்டு ரெண்டு சுத்து ஏறும், பிறகு இறுக்கினா ஓட்டை மரை பழுதாகும். அடாப்டர் வாங்கப் போகேக்க பழைய சுவிட்சைக் கையில கொண்டு போங்கோ.