வத்தல்மலை ஓட்டப் பயிற்சி முகாம்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வார சனி, ஞாயிறு தருமபுரியில் நடந்த இரண்டு நாள் ஓட்டப் பயிற்சி முகாமுக்கு நானும் என் அண்ணன் மகனும் போனோம். ஆளுக்கு 2,800 ரூபாய். எனக்கு இதுதான் முதல் முகாம். ஞாயிறு மதியம் ஆஸ்பத்திரியில் சேர்த்த பையன் புதன்கிழமைதான் வீட்டுக்கு வந்தான். புகார் கொடுத்திருப்பதால் நடத்தியவர்கள் பெயரை இங்கே போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் காவேரிப்பட்டணம். வாரத்தில் மூன்று நாள் காலையில் நாலைந்து கிலோமீட்டர் ஓடுவேன், நடுநடுவே நடப்பேன். அண்ணன் மகனுக்கு 20 வயது, போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறான். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதற்காகத்தான் அவனையும் சேர்த்தேன். விளம்பரத்தில் அனுபவமுள்ள கோச், பிசியோதெரபிஸ்ட், கூடவே ஆம்புலன்ஸ், தங்க ரூம், 20 பேர் மட்டும் என்று போட்டிருந்தார்கள்.

முன்பதிவுப் படிவத்தில் டி-ஷர்ட் அளவைக் கேட்டார்கள். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. சுகர், பிரஷர் உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்கவில்லை. அதைப் பார்த்த அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஐந்தரைக்கு வரச் சொன்னவர்கள் ஏழே காலுக்கு வந்தார்கள். எண்ணிப் பார்த்தால் 54 பேர். பள்ளிப் பையன்களும் இருந்தார்கள், 60 வயதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஓட்டம், சேலம் ரோட்டு சர்வீஸ் சாலையில் 12 கிலோமீட்டர். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் புதியவர்களுக்குச் சரியான வேகம் என்பார்கள். அதைக்கூட ஒருவரும் சொல்லித்தரவில்லை. ராத்திரி ரூம் இல்லை, கல்யாண மண்டபத்தில் பாய். பெண்கள் 17 பேருக்கு ஒரே குளியலறை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிறுதான் கொடுமை. வேனில் வத்தல்மலை மேலே கொண்டுபோய் விட்டு, கொண்டை ஊசி வளைவுகள் வழியாக அடிவாரம் வரை ஓடி இறங்கச் சொன்னார்கள். கிளம்பும்போதே மணி எட்டரை. முந்தின நாள் ஓட்டத்தில் எனக்குத் தொடை பிடித்திருந்தது. சொன்னேன். “இறக்கம்தானேக்கா, கால் தானா போகும்” என்றார் கோச்.

அது பெரிய தப்பு. மேடு ஏறினால் மூச்சு வாங்கும், நாமே நின்றுவிடுவோம். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் வேகம் கூடுவது தெரியாது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடை முழுவதையும் தொடைச் சதைதான் பிரேக் போட்டுத் தாங்க வேண்டும். பழகாத சதை அதில்தான் அதிகம் சேதப்படும். நாலாவது கிலோமீட்டரில் என் தொடை இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. ஐந்து நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்கினேன்.

மேலே இருந்த குளிர்ச்சி கீழே வர வர இல்லாமல் போனது. வழி முழுக்க ஒரே ஒரு இடத்தில் தண்ணீர். அங்கேயே ஒரு ஆள் வலி மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கிழித்துக் கொடுத்தார். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார். பையன் இரண்டு போட்டிருக்கிறான்.

நான் அடிவாரம் வந்தபோது அவன் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். “அத்தை, என் ஹால் டிக்கெட் எங்க வெச்சேன்?” என்றான். என்ன ஹால் டிக்கெட் என்றால், திரும்பவும் அதையேதான் கேட்டான். எழுந்தவன் நிற்க முடியாமல் சாய்ந்தான். நெற்றியைத் தொட்டால் கொதித்தது. “நிழல்ல படுக்க வைங்க, சரியாயிடும்” என்று கோச் அடுத்தவர்களைப் பார்க்கப் போய்விட்டார். ஆம்புலன்ஸ் எங்கே என்றால், அவருடைய காரைக் காட்டுகிறார்கள்.

எங்களோடு ஓட வந்த ஒரு நர்ஸம்மாதான் அவனைக் காப்பாற்றினார். வெயிலில் ஓடியவன் பேச்சு குழம்பினால் அது ஹீட் ஸ்ட்ரோக், உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும், காத்திருக்கக் கூடாது என்று கத்தினார். பக்கத்துத் தோட்டத்தில் போர் மோட்டாரைப் போடச் சொல்லி, ஹோஸ் பைப்பால் தலையிலிருந்து கால்வரை நனைத்து, என் துப்பட்டாவால் விசிறிக்கொண்டே இருந்தார். குழம்பிய நிலையில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும் என்று அதையும் தடுத்தார். 108-க்கு நான் அடித்தேன். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம். முதலில் குளிர வைத்ததுதான் நல்லதாகப் போயிற்று என்றார்கள். சிறுநீர் காபி நிறத்தில் போனது. சதை சிதைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது என்று டிரிப்ஸ் ஏற்றி சிறுநீரகத்தைக் கவனித்தபடியே இருந்தார்கள். அந்த மூன்று ராத்திரி அண்ணி முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “எல்லாம் உங்க சொந்தப் பொறுப்புன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க” என்று சொல்லி வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து எங்களை நீக்கினார்கள். அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பயந்து சும்மா இருக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கவனக்குறைவும் சேவைக் குறைபாடுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகாரைப் பதிந்தேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம், சேவைக்குக் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. விளம்பரம், பணம் கட்டிய ரசீது, குழுவில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால்தான் என் கையில் ஏதோ இருக்கிறது.

அடுத்த மாதம் இன்னொரு முகாம் போடுகிறார்களாம். அதே மலை, அதே இறக்கம், வெயில் இன்னும் ஏறியிருக்கும். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இன்றைக்கே போன் போட்டு ஆம்புலன்ஸ் வண்டி எண்ணைக் கேளுங்கள், எத்தனை மணிக்கு ஓட விடுவீர்கள் என்று கேளுங்கள், புதியவர்களுக்குத் தனி தூரம் உண்டா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணம் போனாலும் போகட்டும், பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.